நீர்க் கட்டணம் உயர்ந்தது ஏன்?

வழக்கம்போலவே நீர் புழங்கியும் கட்டணம் திடீரென உயர்ந்தால், காரணத்தை முறையாக ஆராய்தல் வேண்டும்.

முதலாவது: பில்லில் கண்ட அளவை மீட்டருடன் ஒப்பிடுக. மீட்டர் அதைவிடக் குறைவாகக் காட்டினால் கணக்கெடுப்பில் பிழை. நீர் விநியோக அலுவலகத்தில் தெரிவித்திடுக.

இரண்டாவது: நீர்த்தொட்டி நிரம்பியபின் எல்லாக் குழாய்களையும் மூடி, மீட்டர் எண்களைக் குறித்துக்கொள்க. எவரும் நீர் புழங்காதிருக்க, இரண்டு மணி நேரத்தில் எண் மாறினால் கசிவு உண்டு.

மூன்றாவது: கழிவறைத் தொட்டியில் சிறிது சாயம் கலந்திடுக. தண்ணீர் திறவாமலே இருபது நிமிடத்தில் பீங்கானில் நிறம் தென்பட்டால், தொட்டியின் அடைப்பான் தேய்ந்துள்ளது. இல்லையேல், மண்ணில் புதைந்த குழாயைச் சோதித்திடுக.

நிமிடத்திற்கு 1 லிட்டர் கசிந்தாலும் 30 நாளில் 43,200 லிட்டர் வீணாகும். வீணாவது பணம் மட்டுமன்று. 2015இல் சுங்கை லாயாங் அணையின் நீர்மட்டம் தாழ்ந்தபோது, மாசாயில் குழாய்நீர் பங்கிட்டு வழங்கப்பட்டதை மறவாதிருப்போம்.