மேல்தொகைக் கம்பெனிக்கு வாயில்லையா?

அமெரிக்காவில் லாரிப் போக்குவரத்தோ கட்டட நிர்மாணமோ பெரிய அளவில் நடத்துகிறவர்கள் ஒரே பாலிசியோடு நிற்பதில்லை. முதல் பத்து லட்சம் டாலர் நஷ்டஈட்டை ஒரு கம்பெனியும் அதற்கு மேற்பட்டதை மேல்தொகைக் கம்பெனி எனப்படும் வேறொரு கம்பெனியும் ஏற்பது அங்கே சகஜம். வழக்கை நடத்துவதும் சமரசம் பேசுவதும் பொதுவாக முதல் கம்பெனியின் பொறுப்பு. இன்ஷூரன்ஸ் தொழிலில் பழுத்தவர்களே ஓயாமல் சொல்லும் ஒரு கூற்று உண்டு: இரு கம்பெனிகளுக்கும் இடையே ஒப்பந்தமே இல்லையாதலால், முதல் கம்பெனி சமரசத்தை உதறி வழக்கைக் கெடுத்தாலும், பிரீமியம் வாங்கிய மேல்தொகைக் கம்பெனி பணத்தைக் கட்டிவிட்டு வாளாவிருக்க வேண்டியதுதானாம்.

இது சுத்த அபத்தம். ஒப்பந்தம் இல்லையென்பது மெய். ஆனால் பாலிசிதாரருக்கு முதல் கம்பெனியின்மீது உள்ள பாத்தியதை, அவருக்காக மேல்தொகையைச் செலுத்தியவருக்கு நியாயத்தின்படி வந்து சேர்கிறது என்பதைக் கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் 1980-லேயே, சேஃப்வே கடைகள் சம்பந்தப்பட்ட வழக்கில், ஏற்றுக்கொண்டே பேசியிருக்கிறது. அந்தப் பாத்தியதை எத்தகையது என்பதற்கு அதே நீதிமன்றத்தின் 1967-ஆம் ஆண்டுத் தீர்ப்பு ஒன்றே போதும். குடியிருந்த பெண்மணி மரப்படி முறிந்து தரையிலிருந்து பதினைந்தடி உயரத்தில் தொங்கி, சித்தம் கலங்கிப் போனார். வீட்டுக்கார மூதாட்டியின் பாலிசி வரம்பு 10,000 டாலர். 9,000 டாலருக்குச் சமரசம் கேட்டபோது, அதில் 2,500 டாலரைத் தாமே தருவதாக மூதாட்டி முன்வந்தும் கம்பெனி இணங்கவில்லை. தீர்ப்போ 1,01,000 டாலருக்கு வந்தது. வரம்பு என்பதே இல்லாதிருந்தால் விவேகமுள்ள கம்பெனி அந்தச் சமரசத்தை ஏற்றிருக்குமா என்பதே நீதிமன்றம் கைக்கொண்ட அளவுகோல். முழுத்தொகையும் கம்பெனியின் தலையில் விழுந்தது. அந்த மூதாட்டி நின்ற இடத்தில் மேல்தொகைக் கம்பெனி நிற்கும்போது மட்டும் நியாயம் ஏன் மாறவேண்டும்? ஒன்பதரை லட்சத்துக்கு முடியக்கூடிய வழக்கை விசாரணைக்கு இழுக்கும் முதல் கம்பெனி, ஜயித்தால் அவ்வளவையும் மிச்சப்படுத்துகிறது. தோற்றால் அதன் வரம்பின்படி கூடுதலாக இழப்பது ஐம்பதாயிரமே. மற்றவர் பணத்தை வைத்து ஆடும் இந்தச் சூதாட்டத்தைத் தடுப்பதற்கென்றே அவ்விதி பிறந்தது.

தீர்ப்பு வந்தாலொழிய வழக்குத் தொடர முடியாது என்பார்கள். 2006-ல் கலிபோர்னிய மேல்முறையீட்டு மன்றம் ஒன்று அப்படிச் சொன்னதுண்டு. 2016-ல், ஏஸ் அமெரிக்கன் கம்பெனி ஃபயர்மேன்ஸ் ஃபண்டின்மீது தொடர்ந்த வழக்கில், வரம்பை மீறிய சமரசத்தில் மேல்தொகைக் கம்பெனி பணம் கட்டியிருந்தாலே போதுமென்று அது மறுக்கப்பட்டது. சமரசத்துக்கு இணங்காத பாலிசிதாரர் மீதே மேல்தொகைக் கம்பெனி பாயலாம் என்பதும் தவறு. சேஃப்வே தீர்ப்பே அதை நிராகரித்தது. மறுத்த ஒவ்வொரு சமரசமும் குற்றமென்பதும் மிகை; மறுப்பு நியாயமற்றதாயிருக்க வேண்டும்.

இவ்வழக்குகளில் பாதி உயிர் கடிதங்களில் இருக்கிறது. ஆகவே, முதல் கம்பெனிக்காரர்களே, வரம்புக்குட்பட்ட சமரசக் கோரிக்கை வந்த அன்றே, அதன் கெடுத்தேதியோடும் வழக்கறிஞரின் மதிப்பீட்டோடும், மேல்தொகைக் கம்பெனிக்கு நகல் அனுப்புங்கள்; பெற்றவர்களும், ஏற்கும்படி உடனே எழுத்தில் வற்புறுத்துங்கள்.