எழுதுகோலார்க்கும் இடர் உண்டு

காட்டாங்குளத்தூர் நிலையத்தில் நாள்தோறும் வண்டியேறும் நாம் தண்டவாளத்தில் சம்மட்டியோடு நிற்கும் ஊழியரைக் காண்கின்றோம். காரியாலயத்தில் கணக்கெழுதும் ரயில்வே ஊழியரைக் காண்பதில்லை. 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டமும் அவரைக் கண்டிலது. ரயில்வேயின் நிர்வாக, மாவட்டக் காரியாலயங்களில் நிலையாய்ப் பணிபுரிவோரை அது விலக்கிற்று. பிற தொழில்களிலும் குமாஸ்தா வேலையினர் பெரும்பாலும் புறத்தே நின்றனர். இயந்திரமில்லாத இடத்தில் இடர் ஏது என்று எண்ணினர் போலும்!

காரியாலயத்திலோ தாள்கட்டுகள் உள; அவற்றை ஏற்றிய மர அலமாரிகள் உள; தலைக்குமேல் பழங்கூரையும் உண்டு. 2012 ஜனவரியில், பொங்கல் விடுமுறை இரவொன்றில், சென்னைச் சேப்பாக்கம் அரண்மனையின் கலச மகாலில் தீப்பற்றியது. பதினெட்டாம் நூற்றாண்டில் நவாப் எடுப்பித்த அம்மாளிகையில் அரசாங்கக் காரியாலயங்கள் இருந்தன. தீயை அவிக்கப் புகுந்தோர்மீது கூரை சரிந்தது. தீயணைப்பு அதிகாரி ஒருவர் மாண்டார், வேறு சிலர் தீப்புண்பட்டனர். நாற்காலிகள் வெறுமையாயிருந்தன. பணிநேரமாயின் என்னாகும் என்று நினைக்கவும் நெஞ்சு நடுங்குகின்றது.

குமாஸ்தா வேலைக்கிருந்த விலக்கை 2009ஆம் ஆண்டுத் திருத்தம் நீக்கிற்று. பணியிற்பட்ட காயத்திற்கு ஆன மருத்துவச் செலவு முழுவதையும் முதலாளியே ஈடுசெய்ய வேண்டுமென்றும் அது விதித்தது. 2010 ஜனவரி 18ல் நடைமுறைக்கு வந்தது. இதற்கு எண்பத்தாறு ஆண்டு வேண்டியிருந்தது! ரயில்வேக் காரியாலயத்தாரை விலக்கிய வாசகம் மட்டும் அத்திருத்தத்தின் பின்னும் அவ்வாறே நின்றது.