லொறியின் இரண்டாம் பற்றரியும் முகாமின் குளிர்பெட்டியும்



2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி வீசியபோது மாத்தளை மாவட்டத்தின் மலைப்பகுதிகளில் மண் சரிந்தது. வீதிகள் அடைபட்டன, மின்சாரம் நின்றது. பாடசாலைகளிலும் பொது மண்டபங்களிலும் ஒதுங்கும் குடும்பங்களுக்குள் சீனி வருத்தம் உள்ள ஒருவராவது இருப்பார். அவருடைய இன்சுலினை எங்கே வைப்பது?

சாமான் ஏற்றிவந்த லொறி வாசலில் நிற்கிறது. அதன் பற்றரியில் ஒரு சிறு குளிர்பெட்டியை இயக்கலாமா? இயக்கலாம். ஆனால் லொறியை ஸ்டார்ட் செய்யும் பற்றரியில் அல்ல. அது இறங்கிவிட்டால் நள்ளிரவில் நோயாளியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வாகனமும் இராது. மருந்தைக் காப்பாற்றப் போய் வாகனத்தை இழக்கக்கூடாது.

1. ஏன் இரண்டாவது பற்றரி?

ஸ்டார்ட் பற்றரியின் தகடுகள் மெல்லியவை. சில வினாடிகளுக்குப் பெரும் மின்னோட்டம் கொடுப்பதே அதன் வேலை. மணிக்கணக்காக எடுத்தால் விரைவில் பழுதாகும். சூரிய மின்னுக்கென விற்கப்படும் பற்றரியின் தகடுகள் தடித்தவை. அவை மெதுவாக, நெடுநேரம் கொடுக்கும். உவமையில் வரும் விவேகமுள்ள கன்னியர் விளக்கோடு வேறு பாத்திரத்தில் எண்ணெயும் கொண்டுபோனார்கள். இதுவும் அப்படியே.

2. கணக்கு

12 வோல்ற்றில் இயங்கும் சிறு குளிர்பெட்டி ஓடும்போது சுமார் 4 அம்பியர் எடுக்கும். நாளில் பாதி நேரம் ஓடினால் 12 மணித்தியாலம் × 4 = 48 அம்பியர்-மணி. 100 அம்பியர்-மணி ஈயப் பற்றரியில் பாதியை மட்டுமே எடுக்கலாம். ஆகவே ஒரு பற்றரி ஒரு நாளுக்கே போதும்.

எடுத்ததைத் திருப்பி வைக்க வேண்டும். ஏற்றும்போது கொஞ்சம் வீணாவதால் சுமார் 60 ஏற்ற வேண்டும். 20 அம்பியர் கிடைத்தாலும் எஞ்சின் 3 மணித்தியாலம் ஓட வேண்டும், டீசல் செலவாகும். 100 வாற் சூரியத் தகடு ஒன்று நல்ல வெயிலில் நாளுக்கு ஏறக்குறைய 25 தரும். மூன்று தகடுகள் இருந்தால் டீசலை மிச்சப்படுத்தலாம். மழை நாளில் இது வெகுவாகக் குறையும்.

வீட்டில் பாவிக்கும் 230 வோல்ற் குளிர்சாதனப்பெட்டியை இதில் இணைக்க வேண்டாம். அது தொடங்கும்போது பல மடங்கு மின்னை இழுக்கும்.

3. இணைக்கும் முறை

வாகன மின்வேலை தெரிந்தவரைக் கொண்டே செய்விக்க வேண்டும்.

- எஞ்சின் ஓடும்போது மட்டும் இரு பற்றரிகளையும் இணைக்கும் ரிலே பூட்டவும்.
- ஒவ்வொரு பற்றரிக்கும் அருகிலேயே பியூஸ் போடவும். வயர் தடிப்பாக இருக்கட்டும்.
- பெரிய லொறிகளில் இரண்டு பற்றரிகள் சேர்ந்து 24 வோல்ற் தரும். அவற்றில் ஒன்றிலிருந்து மட்டும் 12 வோல்ற் எடுக்க வேண்டாம்.
- ஓய்வில் நிற்கும் பற்றரி 12.7 வோல்ற் காட்டினால் நிறைந்திருக்கிறது. 12.1 என்றால் பாதிக்கு வந்துவிட்டது, நிறுத்தவும்.
- சார்ஜ் ஆகும் பற்றரி தீப்பிடிக்கும் வாயுவை வெளிவிடும். மக்கள் உறங்கும் அறையில் அதை வைக்க வேண்டாம். மூடிய கொட்டிலுக்குள் எஞ்சினையும் ஓடவிட வேண்டாம். அதன் புகை கொல்லும்.

4. பெட்டிக்குள் எது?

முதலிடம் மருந்துக்கு. திறக்காத இன்சுலினுக்கு 2 முதல் 8 பாகை செல்சியஸ் வேண்டும். உறைந்தால் அது கெட்டுவிடும். பின் இளகினாலும் பாவிக்கக்கூடாது. ஆகவே உள்ளே ஒரு வெப்பமானி வைப்போம். பாவனையிலுள்ள இன்சுலின் பெரும்பாலும் 30 பாகைக்குக் கீழே நான்கு வாரம் தாங்கும். பெட்டியிலுள்ள குறிப்பைப் பார்க்கவும். குளிர்பானத்துக்காக மூடியைத் திறந்து திறந்து மூடினால் பற்றரி வீணாகும். திறப்பை ஒருவரிடம் கொடுப்போம்.

ஒருவருடைய லொறி, இன்னொருவருடைய பெட்டி, வேறொருவருடைய கைவேலை: இவை சேர்ந்தால்தான் முகாமில் ஒரு உயிர் காக்கப்படும். இழந்த காணிக்காகக் காத்திருக்கும் நாட்களிலும் நாம் ஒருவருக்கொருவர் காவலாளர்களே.

கலந்துரையாடுவோம்

1. நம் முகாமில் குளிரில் வைக்க வேண்டிய மருந்து யாருக்கு உண்டு?
2. வாகனம், பற்றரி, மின்வேலை அறிவு யாரிடம் உண்டு?
3. டீசல் செலவை எப்படிப் பகிர்வோம்? திறப்பை யாரிடம் ஒப்படைப்போம்?