விதை குடிக்கும் முதல் தண்ணீர்

மாசி முடிந்து பங்குனி பிறக்கும் நாட்களில் விதைப் பானையைத் திறந்து பார்ப்பது நம் நாட்டு வழக்கம் மட்டுமன்று. இங்கிலாந்து, அமெரிக்கா போன்ற குளிர்நாடுகளிலும் இதே சமயத்தில், தேவாலயங்களை ஒட்டிய பொதுத் தோட்டங்களில் பலர் கூடி விதை போடத் தொடங்குகிறார்கள். ஆனால் அவர்கள் விதையை நேராக நிலத்தில் இடுவதில்லை. தட்டுகளில் மண் நிரப்பி, கண்ணாடி ஜன்னல் ஓரமாக வைத்து நாற்று வளர்க்கிறார்கள். வெளியே உறைபனி விழுந்துகொண்டிருக்கும். அது ஓய்ந்தபின்தான் நாற்று தோட்டத்துக்குப் போகும். அவர்கள் வெப்பத்துக்காகக் காத்திருக்கிறார்கள். நாம் மழைக்காகக் காத்திருக்கிறோம். விதைக்கு இரண்டுமே வேண்டும். எது எந்த அளவு வேண்டும், ஏன் வேண்டும் என்பதைக் கவனிக்க ஒரு நல்ல இடம் இருக்கிறது.

திருச்சி மாவட்டம் துறையூர் வட்டத்தில், கொல்லிமலையின் அடிவாரத்தில் இருப்பது புளியஞ்சோலை. மலைமேல் ஆகாயகங்கை அருவியாக விழும் ஐயாறு இங்கேதான் சமவெளியைத் தொடுகிறது. இங்கிருந்து அறப்பளீசுவரர் கோயிலுக்கு ஒரு நடைபாதை ஏறுகிறது. அந்தப் பாதையில் ஏறிப் போனால், சில மணி நேரத்தில் கடல்மட்டத்திலிருந்து 1,000 முதல் 1,300 மீட்டர் உயரமுள்ள மேட்டுநிலத்தை அடையலாம். மேலே இருப்பது நாமக்கல் மாவட்டம். சாமை, தினை, கேழ்வரகு என்று பல தானியங்களை மலையாளிப் பழங்குடியினர் (இவர்கள் பேசுவது தமிழே) தலைமுறை தலைமுறையாகப் பயிரிட்டு வந்த இடம் அது.

இந்த மலையில் தேவாலயத் தோட்டமும் இருந்தது. இங்கிலாந்திலிருந்து வந்த ஜெஸ்ஸி பிராண்டு, ஈவ்லின் பிராண்டு என்னும் தம்பதியர் 1913-இல் மலைமேல் வாழவந்தி என்ற இடத்தில் குடியேறினார்கள். மருந்து கொடுத்தார்கள், பள்ளி வைத்தார்கள், அத்துடன் தச்சு வேலையும் பயிர்த் தொழிலும் சொல்லிக்கொடுத்தார்கள், பழமரங்கள் நட்டார்கள். ஜெஸ்ஸி 1929-இல் கடுமையான மலேரியாவால் ஏற்பட்ட காய்ச்சலில் இறந்தார். வேலூரில் தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை மருத்துவம் செய்து உலகப் புகழ் பெற்ற டாக்டர் பால் பிராண்டு இவர்களுடைய மகன்தான். சிறுவனாக இந்த மலையில் கேட்ட ஒரு பாடத்தை அவர் பிற்காலத்தில் எழுதியிருக்கிறார். அதற்குப் பின்னால் வருவோம், முதலில் விதை.

'விதை முளைக்க நீர், காற்று, வெப்பம் மூன்றும் தேவை' என்று பாடப்புத்தகத்தில் படித்திருப்பீர்கள். சரியான வாக்கியம்தான். ஆனால் நீர் விதைக்குள் எப்படிப் போகிறது என்று அது சொல்வதில்லை. விதைக்கு வேர் இல்லை, வாய் இல்லை. உலர்ந்த விதையில் நூற்றுக்குப் பத்துப் பங்கு அளவுதான் ஈரம். மற்றதெல்லாம் மாவுப்பொருள், புரதம், செல்லுலோஸ் போன்றவை. இவற்றின் மூலக்கூறுகள் நீரின் மூலக்கூறுகளை வலுவாகக் கவர்ந்து பிடித்துக்கொள்ளும். இதற்கு உள்ளீர்த்தல் என்று பெயர். இந்தக் கவர்ச்சியை அழுத்தமாகக் கணக்கிட்டால் உலர்ந்த விதையில் அது வளிமண்டல அழுத்தத்தைப் போல் பல நூறு மடங்கு வருகிறது! பாறையில் துளையிட்டு, உலர்ந்த மர ஆப்பை அடித்து, அதன்மேல் நீர் ஊற்றிப் பாறையைப் பிளந்த பழங்காலக் கல்தச்சர்கள் பயன்படுத்தியதும் இதே விசையைத்தான். கொண்டைக்கடலை ஓர் இரவு நீரில் ஊறினால் ஏறக்குறையத் தன் எடை அளவுக்கு நீரைக் குடித்துவிடும்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். உயிரில்லாத மரமும் இப்படி உப்புகிறது. அப்படியானால் செத்த விதையும் உப்ப வேண்டும் அல்லவா? உப்பத்தான் செய்கிறது. வேகவைத்துப் பின் நன்றாகக் காயவைத்த விதையையும், நல்ல விதையையும் தனித்தனியே ஊறவைத்து மணிக்கொருமுறை நிறுத்துப் பாருங்கள். முதல் சில மணி நேரம் இரண்டும் எடை கூடும். பிறகு இரண்டும் நின்றுவிடும். ஓரிரு நாட்கள் சென்றபின் நல்ல விதை மட்டும் மறுபடியும் நீர் குடிக்கத் தொடங்கும். தோல் கிழிந்து வெள்ளை முனை வெளிவரும். முதல் குடி பௌதிகம். இரண்டாம் குடி உயிர். ஊறி உப்பிய விதையைப் பார்த்து 'முளைத்துவிடும்' என்று முடிவுகட்டக் கூடாது என்பது இதனால்தான்.

அந்த இரண்டாம் குடி எப்போது தொடங்கும் என்பதை வெப்பநிலை தீர்மானிக்கிறது. மலையேறுகிறவர்களுக்குக் குளிர்வது தெரியும். காரணம் கேட்டால் பலர் 'மேலே காற்று அதிகம்' என்பார்கள். அது காரணமன்று. வெயில் பெரும்பாலும் காற்றைச் சூடாக்குவதில்லை, தரையைத்தான் சூடாக்குகிறது. தரையால் சூடான காற்று மேலே எழுகிறது. மேலே அழுத்தம் குறைவு. ஆகவே காற்று விரிகிறது. விரிவதற்குச் செய்யும் வேலைக்குத் தன் வெப்பத்தையே செலவிட்டுக் குளிர்கிறது. சராசரியாக ஒரு கிலோமீட்டர் உயரத்துக்கு 6.5 டிகிரி செண்டிகிரேடு குறைகிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

புளியஞ்சோலையில் ஒரு நாளின் சராசரி வெப்பநிலை 28 டிகிரி என்று கொள்வோம். 1,000 மீட்டர் உயரத்தில் அது 21.5 டிகிரி ஆகும். சிறுதானிய விதைகள் ஏறத்தாழ 10 டிகிரிக்குக் கீழே அசையமாட்டா. ஆகவே விதைக்குப் பயன்படுவது 10-க்கு மேலுள்ள பகுதி மட்டுமே. கீழே ஒரு நாளைக்கு 18 டிகிரி, மேலே 11.5 டிகிரி. கீழே மூன்று நாளில் முளைக்கும் விதைக்கு 3 × 18 = 54 'டிகிரி-நாள்' வேண்டியிருக்கிறது. மேலே அதே 54-ஐச் சேர்க்க 54 ÷ 11.5, அதாவது ஏறக்குறைய ஐந்து நாள் ஆகும். குளிர்நாட்டார் விதைத் தட்டை ஜன்னல் ஓரம் வைப்பது இந்தக் கணக்கைச் சீக்கிரம் நிரப்பத்தான். இரண்டு நாள் தாமதம் பெரிதா என்று கேட்கலாம். அந்த இரண்டு நாளும் விதை ஈர மண்ணில், எறும்புக்கும் பூசணத்துக்கும் நடுவே, திறந்த வாயுடன் கிடக்கிறது. ஆகையால் மேட்டுநிலத்தில் விதைப்பவர் கொஞ்சம் கூடுதல் விதை தூவினால் அது வீண் செலவு ஆகாது.

ஆனால் மலை ஒரு கையால் எடுத்ததை மறு கையால் கொடுக்கிறது. விதை சேமிப்பில் ஹாரிங்டன் என்ற அமெரிக்க விஞ்ஞானி சொன்ன இரண்டு எளிய விதிகள் உண்டு. விதையின் ஈரம் நூற்றுக்கு ஒரு பங்கு குறைந்தால் அதன் ஆயுள் இரட்டிக்கும். வெப்பநிலை ஏறக்குறைய 5 டிகிரி குறைந்தாலும் ஆயுள் இரட்டிக்கும். துல்லியமான விதிகள் அல்ல. ஆயினும் தோராயத்துக்குப் போதும். முளைப்பைத் தாமதப்படுத்திய அதே ஆறரை டிகிரி, மலைமேல் சேமித்த விதையின் ஆயுளை இரட்டிப்பாக்கிவிடும். ஈரத்தின் கணக்கு இன்னும் வியப்பானது. 14 சதவீத ஈரமுள்ள விதையை 10 சதவீதத்துக்கு உலர்த்தினால் ஆயுள் 2 × 2 × 2 × 2 = 16 மடங்கு. மழைக்காலத்தில் மலைக்காற்று ஈரமானது; விதை அந்த ஈரத்தை உள்ளீர்த்துக்கொண்டால் குளிரால் கிடைத்த லாபம் முழுதும் போய்விடும். மண் பூசிய தொம்பையில் தானியத்தை மூடி வைப்பதும், விதையைச் சாம்பலில் புரட்டுவதும், கதிரை அடுப்புக்கு மேலே கட்டித் தொங்கவிடுவதும் மூடநம்பிக்கை என்று யாராவது சிரித்தால், இந்த 16 மடங்கை அவருக்குக் கணக்குப் போட்டுக் காட்டுங்கள்.

எவ்வளவு உலர்த்தினாலும் விதை சாகாவரம் பெற்றதன்று. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை விதைத்துப் புது விதை எடுத்தாக வேண்டும். கொல்லிமலையில் இதுவே பெரிய கவலையாயிற்று. ஜவ்வரிசி ஆலைகளுக்காக மரவள்ளி பரவியபோது சாமையும் தினையும் விளைந்த நிலங்கள் குறைந்தன. ஒரு ரகத்தை யாருமே விதைக்காமல் சில ஆண்டுகள் விட்டால், கடைசித் தொம்பையிலுள்ள கடைசி விதை செத்தவுடன் அந்த ரகமே உலகத்தில் இல்லாமல் போகும். பணம் கொடுத்தாலும் திரும்பக் கிடைக்காது. சென்னையில் 1988-இல் தொடங்கப்பட்ட எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம், 1990-களில் இருந்து மலைமக்களுடன் சேர்ந்து ஊர்ப் பொது விதை வங்கிகளை அமைத்தது. பெருஞ்சாமை, கட்டவெட்டிச் சாமை, செந்தினை, சுண்டாங்கிக் கேழ்வரகு என்று ரகம் ரகமாக விதை காக்கப்பட்டது. விதையைக் கடனாக வாங்கியவர் அறுவடையில் கூடுதலாகத் திருப்பித் தர வேண்டும். வட்டியும் விதைதான்! இந்த வங்கியில் சேமிப்பு தூங்கக் கூடாது, தூங்கினால் செத்துவிடும்.

இனி பாத்தி. விதை எவ்வளவு வலுவாக நீரை இழுத்தாலும், நீர் அதன் தோலைத் தொட்டால்தானே இழுக்க முடியும்? பெரிய கட்டிகளுக்கு நடுவே விழுந்த விதை ஓரிரு புள்ளிகளில் மட்டுமே மண்ணைத் தொடும். பொடி மண்ணில் நூறு இடங்களில் தொடும். அதோடு, மண்துகள்களின் இடைவெளி நுண்புழையாக வேலை செய்கிறது. 0.1 மில்லிமீட்டர் ஆரமுள்ள கண்ணாடிப் புழையில் நீர் ஏறக்குறைய 15 சென்டிமீட்டர் ஏறும். 1 மில்லிமீட்டர் ஆரமானால் ஒன்றரைச் சென்டிமீட்டர்தான். மண் பொடியாகவும் சற்று அழுந்தியும் இருந்தால் அடி ஈரம் விதைவரை ஏறி வரும். விதைத்தபின் காலால் மெல்ல மிதிப்பதற்கும், பலகை இழுப்பதற்கும் காரணம் இதுவே. ஆனால் மேற்பரப்புவரை இப்படியே அழுத்திவிட்டால் ஈரம் மேலே ஏறி வெயிலில் ஆவியாகிவிடும். எனவே விதைக்கு மேலே மட்டும் மண் பொலபொலவென்று இருக்க வேண்டும். கோடை மழை பெய்தவுடன் உழுதுவிடும் விவசாயி செய்வதும் அதுதான்: மேல்மண்ணைக் கிளறி, நுண்புழைகளை அறுத்து, மழையைக் கீழே பூட்டி வைக்கிறார்.

எவ்வளவு ஆழம்? விதையின் பருமனைப் போல் இரண்டு மூன்று மடங்கு என்பது பொது விதி. ஒரு கிராம் கேழ்வரகில் முந்நூறு நானூறு விதைகள் இருக்கும். அவ்வளவு சிறிய விதை தன்னிடமுள்ள மாவைக் கொண்டு ஐந்து சென்டிமீட்டர் மண்ணைத் தள்ளி வெளிச்சத்துக்கு வர முடியாது. அவரை வந்துவிடும்.

சரிவான நிலத்தில் இவ்வளவு பாடுபட்டுப் பொடியாக்கிய மண்ணே ஆபத்தும் ஆகிறது. பால் பிராண்டு சொன்ன பாடத்துக்கு இப்போது வருவோம். மலைச் சரிவில் படிப்படியாக அமைந்த நெல்வயல்களில் தவளை பிடிக்க இறங்கிய சிறுவர்கள் சேற்றைக் கலக்கிவிட்டார்கள். ஒரு முதியவர் அவர்களை அழைத்து, ஒரு கை சேற்றை அள்ளிக் காட்டி, இதுதான் சோறு போடுவது என்று விளக்கினாராம். மேல்வயலிலிருந்து கீழ்வயலுக்குத் தெளிந்த நீர் வழிந்தால் கவலையில்லை. கலங்கல் வழிந்தால் மண் போய்க்கொண்டிருக்கிறது, ஒருமுறை போன மண் மலையேறி வராது.

முதியவர் சொன்னதற்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. ஓடும் நீர் உருட்டிச் செல்லக்கூடிய கல்லின் எடை, நீரின் வேகத்தின் ஆறாவது அடுக்கைப் பொறுத்தது. வேகம் இரட்டித்தால் 64 மடங்கு எடையுள்ள கல் நகரும்! வேகத்தைப் பாதியாக்கினாலோ, 64-இல் ஒரு பங்குக்கு மேற்பட்ட எடையெல்லாம் அங்கேயே தங்கிவிடும். ஆகவே மலைச் சரிவில் பாத்தியும் வரப்பும் சரிவுக்குக் குறுக்கே போக வேண்டும். சரிவோடு போன பாத்தி ஒரு கோடை மழைக்குத் தாங்காது. ஐயாற்றில் புது மழைக்குப் பிறகு செந்நீர் வந்தால், மேலே யாரோ ஒருவருடைய பாத்தி இறங்கி வருகிறது என்று பொருள்.

பள்ளித் தோட்டமோ, கோயில் நந்தவனமோ, தேவாலயத் தோட்டமோ, விதைக்கும் முன் ஒரு சோதனை கட்டாயம் செய்ய வேண்டும். கைக்கு வந்தபடி நூறு விதைகளை எண்ணி எடுங்கள். நல்லதாகப் பொறுக்கி எடுக்காதீர்கள். ஈரத் துணியில் இடைவெளி விட்டுப் பரப்பிச் சுருட்டி, காற்றுப் புகும்படி நிழலில் வையுங்கள். துணி ஈரமாக இருக்க வேண்டும். நீரில் மிதக்கக் கூடாது. ஒவ்வொரு நாளும் அதே நேரத்தில் திறந்து, முளைத்தவற்றை எண்ணி எடுத்துவிட்டு, அறையின் வெப்பநிலையையும் குறித்துக்கொள்ளுங்கள். பத்து நாளில் அறுபதுதான் முளைத்தது என்றால், வழக்கமான விதை அளவை 100 ÷ 60-ஆல் பெருக்கிக்கொள்ள வேண்டும்; அதாவது ஒரு படிக்குப் பதில் ஒன்றே முக்கால் படிக்குச் சற்றுக் குறைவு. முப்பதுக்கும் கீழே போனால் அந்த விதையைச் சமையலுக்கும் தள்ளாதீர்கள், குப்பையிலும் போடாதீர்கள். அது வேறெங்கும் கிடைக்காத ரகமாக இருந்தால், முளைத்த அந்தச் சிலவற்றை மட்டும் தனிப் பாத்தியில் நட்டுப் புது விதை எடுக்க வேண்டும்.

அடிவாரத்தில் ஒரு பள்ளியும் மலைமேல் ஒரு பள்ளியும் ஒரே விதையைப் பகிர்ந்துகொண்டு, ஒரே நாளில் இந்தச் சோதனையைத் தொடங்கினால் இன்னும் சுவையாக இருக்கும். பாதி விதைகள் முளைக்க ஆன நாட்களை இரு இடத்திலும் குறியுங்கள். சராசரி வெப்பநிலையிலிருந்து 10-ஐக் கழித்துப் பெருக்குங்கள். இரு விடைகளும் நெருங்கி வந்தால், நாம் கொண்ட 10 சரி. விலகி நின்றால், 8 என்றும் 12 என்றும் மாற்றி மாற்றிப் போட்டு, எந்த எண்ணுக்கு இரண்டும் ஒன்றுகின்றன என்று பாருங்கள். அந்த எண் உங்கள் ரகத்துக்கு உரியது.