பாடம் 9: மூன்று பேர், மூன்று வாத்தியம்

உங்கள் பள்ளியில் ஆர்கெஸ்ட்ரா இருக்கிறதா? இருந்தால், முன்னால் ஒருவர் சின்னக் குச்சியை வைத்துக்கொண்டு நிற்பதைப் பார்த்திருப்பீங்க. அவர் கையைப் பார்த்துத்தான் எல்லாரும் வாசிக்கணும். ஆனால் இரண்டு, மூன்று பேர் மட்டும் சேர்ந்து வாசிக்கும்போது குச்சிக்காரர் கிடையாது. அந்த மாதிரி இசையை இங்கே 'கமர்மூசீக்' என்று சொல்கிறார்கள். 'கமர்' என்றால் அறை. அறைக்குள் உட்கார்ந்து வாசிக்கும் அளவுக்குச் சின்னக் குழு. மூன்று பேர் என்றால் அதற்குப் பெயர் 'ட்ரியோ'.

குச்சிக்காரர் இல்லை என்றால், யார் சொல்வதை யார் கேட்பது? இதைத் தெரிந்துகொள்ள ஒரு தமிழ்நாட்டு ட்ரியோவைப் பார்ப்போம்.

1966-இல் லால்குடி ஜெயராமன் என்ற வயலின் கலைஞர் ஒரு புது மாதிரிக் கச்சேரியை ஆரம்பித்தார். வயலின், வேணு, வீணை மூன்றும் ஒரே மேடையில். வேணு என்றால் புல்லாங்குழல். வயலின் அவருடையது. குழல் வாசித்தவர் என். ரமணி. வீணை வாசித்தவர் திருவனந்தபுரம் ஆர். வெங்கட்ராமன். கூடவே மிருதங்கமும் உண்டு. அவரையும் எண்ணினால் நாலு பேர் ஆகிவிடும்! ஆனாலும் எல்லாரும் ட்ரியோ என்றுதான் சொல்கிறார்கள். எனக்கு இது கொஞ்சம் அநியாயமாகத்தான் படுகிறது.

முதலில் வயலின். இது ஐரோப்பாவிலிருந்து நம்ம ஊருக்கு வந்த வாத்தியம். சுமார் 200 வருடங்களுக்கு முன்னால் பாலுஸ்வாமி தீட்சிதர் போன்றவர்கள் இதைக் கற்றுக்கொண்டு கர்நாடக இசைக்குள் கொண்டுவந்தார்கள். வாத்தியம் அதேதான், பிடிக்கிற விதம்தான் வேறு. உங்கள் வகுப்பில் நின்றுகொண்டு, தாடைக்குக் கீழே வைத்து வாசிப்பாங்க. நம்ம கலைஞர்கள் தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்து, வயலினின் தலைப்பக்கத்தை வலது கால் கணுக்கால் மேல் வைத்துக்கொள்வார்கள். அப்போது இடது கை சுதந்திரமாக மேலும் கீழும் வழுக்கி ஓடலாம். கமகம் வாசிக்க அது ரொம்ப வசதி.

வயலின் எப்படிச் செய்கிறார்கள் என்று பார்க்க நீங்க தூரமாகப் போக வேண்டாம். எர்லாங்கனிலிருந்து பாம்பெர்க் பக்கம் போகும் எஸ்-பானில் ஏறினால் அடுத்த நிறுத்தம் பூபன்ராய்ட். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, இப்போது செக் நாட்டில் இருக்கும் ஷோன்பாக் என்ற ஊரிலிருந்து வயலின் செய்கிறவர்கள் வெளியேற்றப்பட்டார்கள். 1949-இல் அவர்களைக் குடியேற்றிக்கொள்ள பூபன்ராய்ட் முடிவு செய்தது. வீட்டையும் ஊரையும் இழந்தவர்கள், கையில் இருந்த தொழிலை வைத்து இங்கே மறுபடி ஆரம்பித்தார்கள். அங்கே இப்போது ஒரு அருங்காட்சியகமும் இருக்கிறது.

சரி, லால்குடிக்கு வருவோம். லால்குடி என்பது திருச்சி பக்கத்தில் இருக்கும் ஊர். நம்ம இசைக் கலைஞர்கள் பெயருக்கு முன்னால் ஊர்ப் பெயரை வைத்துக்கொள்வது வழக்கம். ('எர்லாங்கன் கவிதா' என்று சொல்லிப் பாருங்க, நல்லாத்தானே இருக்கு?) ஜெயராமன் 1930-இல் பிறந்தார். அப்பா கோபால ஐயர்தான் குரு. 12 வயதில் மேடையில் பக்கவாத்தியம் வாசிக்க ஆரம்பித்தார்.

பக்கவாத்தியம் என்றால் பாடகருக்குத் துணையாக வாசிப்பது. பாடகர் ஒரு வரி பாடுவார். வயலின் அதைப் பின்னாலேயே பிடித்து வாசிக்கணும். அடுத்து அவர் என்ன பாடுவார் என்று முன்கூட்டியே தெரியாது! நோட்டு எதுவும் முன்னால் இருக்காது. காதுதான் எல்லாம். ஜெர்மனில் 'ட்ஸ்வைட்ட கைகெ ஷ்பீலன்', அதாவது 'இரண்டாவது வயலின் வாசிப்பது' என்றால், ஒருத்தருக்குப் பின்னால் நிற்பது என்று கொஞ்சம் மட்டமாகத்தான் அர்த்தம். லால்குடி பல வருடங்கள் அப்படித்தான் வாசித்தார். அரியக்குடி, செம்மங்குடி, ஜி.என்.பி., மதுரை மணி ஐயர் என்று பெரிய பெரிய பாடகர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். அவர்கள் ஒவ்வொருவரும் எப்படிப் பாடுவார்கள், எங்கே மூச்சு விடுவார்கள் என்பதெல்லாம் அவர் காதில் ஏறியது. பாட்டின் சொற்கள்கூட கேட்பது போல அவர் வயலின் பேசும். அதற்கே 'லால்குடி பாணி' என்று பெயர் வந்துவிட்டது. 1965-இல் எடின்பரோ விழாவில் யெஹூதி மெனுஹின் என்ற உலகப் புகழ்பெற்ற வயலின் கலைஞர் இவர் வாசிப்பில் மயங்கித் தன்னுடைய இத்தாலிய வயலினையே பரிசாகக் கொடுத்தார்.

ரமணி 1934-இல் திருவாரூரில் பிறந்தவர். முதல் குரு அவருடைய தாத்தா ஆழியூர் நாராயணசாமி ஐயர். அப்புறம் மாமா 'மாலி'யிடம் கற்றுக்கொண்டார். மாலி என்கிற டி.ஆர். மகாலிங்கம் மூங்கில் குழலைப் பாட வைத்தவர். அந்த மாலிக்கே லால்குடி பக்கவாத்தியம் வாசித்திருக்கிறார். இப்போது மாலியின் மருமகனோடு சரிசமமாக உட்கார்ந்து வாசிக்கிறார்.

வெங்கட்ராமன், கே.எஸ். நாராயணசாமி என்ற பெரிய வீணை வித்வானின் மாணவர்.

இந்த மூன்று வாத்தியமும் சேருவது லேசு இல்லை. குழலில் துளை போட்டாச்சு என்றால் போட்டதுதான். அதன் சுருதியை மாற்ற முடியாது, வேறு குழலைத்தான் எடுக்கணும். வயலினிலும் வீணையிலும் தந்தியை முறுக்கிச் சரிசெய்யலாம், ரொம்ப முறுக்கினால் 'டப்'பென்று அறுந்துவிடும். ஆக, சுருதி சேர்க்கும்போது தந்தி வாத்தியங்கள்தான் குழலுக்காக வளைந்து கொடுக்கணும். சத்தத்தில் கதை வேறு. வில் இழுக்கும் வரை வயலின் ஒலிக்கும், மூச்சு இருக்கும் வரை குழல் ஒலிக்கும். வீணையை மீட்டினால் நாதம் கொஞ்ச நேரத்தில் மெல்ல அடங்கிவிடும். அதனால் வீணை பேசும்போது மற்ற இரண்டும் குரலைத் தாழ்த்தணும்.

கீர்த்தனையை மூன்று பேரும் சேர்ந்து வாசிப்பார்கள். ராகம், ஸ்வரம் வரும்போது மாறி மாறி வாசிப்பார்கள். குழல் ஒன்று சொல்லும், வீணை அதற்குப் பதில் சொல்லும், வயலின் அங்கிருந்து எடுத்துக்கொண்டு போகும். அப்போது தலைவர் யார்? அந்த நிமிஷம் யார் வாசிக்கிறாரோ அவர். மற்ற இருவரும் அப்போது பக்கவாத்தியக்காரர் மாதிரி காதைத் தீட்டிக்கொண்டு இருக்கணும். 'இரண்டாவது வயலின்' வாசித்துப் பழகிய ஒருவருக்குத்தான் இந்த யோசனை வந்தது என்பது எனக்கு ஆச்சரியமாகவே இல்லை.

ட்ரியோ மட்டுமே அவர்கள் வேலை இல்லை. ரமணி தனிக் கச்சேரிகள் செய்தார், 1996-இல் சென்னை மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி பட்டம் பெற்றார். லால்குடி நிறையத் தில்லானாக்களும் வர்ணங்களும் இயற்றினார். 'சிருங்காரம்' படத்தின் இசைக்குத் தேசிய விருது வாங்கினார். அவருடைய மகன் கிருஷ்ணனும் மகள் விஜயலட்சுமியும் வயலின் கலைஞர்கள். லால்குடி 2013-இலும் ரமணி 2015-இலும் காலமானார்கள்.

சொல் அறிவோம்
சுருதி – பாட்டுக்கு அடிப்படையான ஒலி அளவு
கமகம் – ஸ்வரத்தை அசைத்து, வளைத்து வாசிப்பது
மீட்டுதல் – தந்தியை விரலால் தட்டி ஒலிக்கச் செய்தல்
பாணி – ஒருவருடைய தனி வழி

பேசுவோம், எழுதுவோம்
1. பக்கவாத்தியம் வாசிப்பவருக்கு ஏன் காது முக்கியம்?
2. சுருதி சேர்க்கும்போது குழல் ஏன் வளைந்து கொடுக்க முடியாது?
3. இந்த மூவரும் சேர்ந்து வாசித்த பதிவு ஒன்றை வீட்டில் போடச் சொல்லுங்க. கண்ணை மூடிக்கொண்டு கேளுங்க. ஒரு வாத்தியம் முடித்து அடுத்தது எடுக்கும் இடம் வரும்போதெல்லாம் கையைத் தூக்குங்க. எத்தனை முறை தூக்கினீங்க?
4. உங்களுக்கு வாத்தியம் வாசிக்கத் தெரியுமா? தெரிந்தால், அதோடு எந்த இரண்டு வாத்தியங்களைச் சேர்ப்பீங்க? ஏன்? ஐந்து வரிகள் எழுதுங்க.