குளிர்ச்சியான மெத்தை எது?

கோடை இரவில் மெத்தையில் படுத்தால் முதுகு வேர்த்துப் போகிறது. அதே அறையில் தரையில் பாயை விரித்துப் படுத்தால் இதமாக இருக்கிறது. மெத்தை, பாய் இரண்டும் ஒரே அறையில்தான் கிடக்கின்றன. அவற்றின் வெப்பநிலையும் ஏறத்தாழ ஒன்றுதான். பிறகு ஏன் இந்த வேறுபாடு? இதற்கு விடை கண்டுவிட்டால், பல ஆயிரம் ரூபாய் கொடுத்து லேடெக்ஸ் மெத்தை வாங்குமுன் கடைக்காரரிடம் என்ன கேட்க வேண்டும் என்பதும் உங்களுக்கு விளங்கிவிடும்.

ஒரு சிறு கணக்கு

தூங்கும்போதும் நம் உடல் வெப்பத்தை வெளியிட்டுக்கொண்டே இருக்கிறது. வளர்ந்த ஒருவரின் உடலிலிருந்து ஏறத்தாழ 70 வாட் வெளியாகிறது. இதில் எவ்வளவு மெத்தை வழியே கீழே போகும்?

ரப்பர் நுரையின் வெப்பங்கடத்தும் திறனை 0.05 (எஸ்.ஐ. அலகில்) என்று கொள்வோம். உடல் படும் பரப்பு 0.6 சதுர மீட்டர். மெத்தையின் தடிமன் 15 செ.மீ.; தோலின் வெப்பநிலை 34° செ., மெத்தையின் அடிப்புறம் 30° செ. என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கடத்தப்படும் வெப்பம் = 0.05 × 0.6 × 4 ÷ 0.15 = 0.8 வாட்.

எழுபதில் ஒரு வாட் கூடத் தேறவில்லை! நுரைக்குள் அடைபட்ட காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாததே காரணம். பாயோ சில மில்லிமீட்டர் தடிமன்தான். அதன் கீழுள்ள சிமெண்டுத் தரை நுரையைவிடப் பதினைந்து, இருபது மடங்கு நன்றாக வெப்பத்தைக் கடத்தும். பாயின் இதம் அங்கிருந்து வருகிறது.

அப்படியானால் மெத்தையில் குளிர்ச்சி என்பது என்ன?

வியர்வையைக் கவனியுங்கள். ஒரு கிராம் வியர்வை ஆவியாக ஏறத்தாழ 2400 ஜூல் வெப்பம் தேவை. மணிக்கு 30 கிராம் ஆவியானால் உடலிலிருந்து 20 வாட் வெளியேறும். இது மெத்தை கடத்தியதைப் போல் 25 மடங்கு! ஆகவே குளிர்ச்சியான மெத்தை என்பது வெப்பத்தை உறிஞ்சும் மெத்தை அன்று. காற்றையும் நீராவியையும் தடுக்காத மெத்தையே ஆகும்.

லேடெக்ஸின் சிறப்பு

லேடெக்ஸ் என்பது ரப்பர் பால். கேரளத்திலும் நம் கன்னியாகுமரி மாவட்டத்திலும் ரப்பர் மரங்களைக் கீறி இதை எடுக்கிறார்கள். பாலைச் செறிவாக்கி, கந்தகம் முதலியன சேர்த்து, நுரை பொங்க அடித்து, அச்சில் ஊற்றி வேகவைப்பார்கள். 1929இல் டன்லப் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் உருவான முறை இது.

இம்மெத்தையில் வரிசையாகத் துளைகள் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அவை அச்சிலுள்ள உலோக ஊசிகளின் தடங்கள். நுரை வெப்பத்தை எளிதில் கடத்தாது என்று கண்டோமல்லவா? அதன் நடுப்பகுதியும் வேக வேண்டுமே என்பதற்காகத்தான் அந்த ஊசிகள்! நமக்கு அவை காற்றுப் பாதைகளாகவும் பயன்படுகின்றன. புரண்டு படுக்கும்போதெல்லாம் நுரை அமுங்கி எழுந்து காற்றைத் தள்ளி இழுக்கிறது.

இன்னொன்று: உடலின் அச்சாகவே பள்ளம் விழும் 'மெமரி ஃபோம்' மெத்தையில் உடல் புதைந்துவிடும். லேடெக்ஸ் எதிர்த்துத் தாங்குவதால் உடலின் அதிகப் பரப்பு காற்றில் இருக்கும்.

கடையில் ஏமாறாமல் இருக்க

1. கையால் தொட்டுப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஜெல் பூசிய மேற்பரப்பு தொட்டவுடன் குளிரும்; அது சூடேறியபின் அந்தக் குளிர்ச்சி இராது. கால் மணி நேரமாவது படுத்துப் பாருங்கள்.

2. உறையின் ஜிப்பைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். 15 செ.மீ. மெத்தையில் மேலே 5 செ.மீ. மட்டும் லேடெக்ஸும், கீழே வேறு நுரையும் இருக்கலாம். அதற்கு முழு லேடெக்ஸின் விலை கொடுக்க வேண்டியதில்லை.

3. அடர்த்தியைக் கேளுங்கள். 190 × 90 × 15 செ.மீ. அளவுள்ள மெத்தையின் கன அளவு ஏறத்தாழ 0.26 கன மீட்டர். அடர்த்தி கன மீட்டருக்கு 80 கிலோ என்றால் எடை 21 கிலோ அளவில் இருக்க வேண்டும். 14 கிலோதான் என்றால் சொன்ன அடர்த்தி இல்லை. ஆனால் களிமண், சுண்ணத்தூள் கலந்தும் எடையைக் கூட்டலாம். ஆகவே எடை மட்டும் போதாது. அமுக்கி விட்டதும் உடனே எழுகிறதா என்றும் பாருங்கள்.

4. விலையை ஆண்டுகளால் வகுங்கள். 30,000 ரூபாய் மெத்தை 10 ஆண்டு உழைத்தால் ஆண்டுக்கு 3,000. 15,000 ரூபாய் மெத்தை 4 ஆண்டில் குழி விழுந்தால் ஆண்டுக்கு 3,750. எது மலிவு?

5. நல்ல மெத்தை வாங்கி அதன்மேல் ரெக்சின் உறை போட்டால் எல்லாம் வீண். பருத்தி விரிப்பே போதும்.

செய்து பாருங்கள்

வெந்நீர் உள்ள டம்ளரின் வாயைப் பருத்தித் துணியால் மூடி, மேலே ஒரு கண்ணாடியைப் பிடியுங்கள். கண்ணாடியில் ஆவி படியும். துணிக்குப் பதில் ரெக்சினால் இறுக மூடிப் பாருங்கள். ஆவி படியாது. இரவு முழுவதும் உங்கள் முதுகுக்கு நேர்வதும் இதுதான்.

இனி ஒரு கேள்வி: மேற்சொன்ன மெத்தையின் தடிமனை 20 செ.மீ. ஆக்கினால் எத்தனை வாட் கடத்தும்? அதற்காகக் கூடுதல் விலை கொடுத்தால் குளிர்ச்சி கூடுமா? கணக்கிட்டு வீட்டிலுள்ள பெரியவர்களுக்கும் சொல்லுங்கள்.