இரண்டாம் பாகமும் புதிய எஞ்சினும்

ஒரு கணினி விளையாட்டின் முதல் பாகம் ஜனங்களின் ஆதரவைப் பெற்று, இரண்டாம் பாகத்துக்கான பேச்சு ஆரம்பமானதுமே, பழகிய எஞ்சினிலேயே மேற்கொண்டு கட்டுவதா, அல்லது அதைக் கைவிட்டுப் புதிய கிராபிக்ஸ் எஞ்சினுக்குக் குடிபெயர்வதா என்ற வாதம் அதை உருவாக்கும் ஸ்தாபனத்துக்குள் எழுந்துவிடுகிறது. ரசிகர்களும் அதில் கலந்துகொள்கிறார்கள். வெளிச்சம் இயற்கையாக விழ வேண்டும், தண்ணீரில் வானம் பிரதிபலிக்க வேண்டும், முகத்தில் உணர்ச்சி தெரிய வேண்டும் என்று அவர்கள் கேட்பது நியாயமே. ஆனாலும் கண்ணுக்குத் தெரியும் அம்சங்களை மாத்திரம் வைத்துக்கொண்டு இந்த விஷயத்தைத் தீர்மானித்த ஸ்தாபனங்கள் பட்ட சிரமங்களைப் பார்க்கும்போது, அந்த வாதத்தை வேறு இடத்திலிருந்து தொடங்குவதே உசிதம் என்று எனக்குத் தோன்றுகிறது.

எஞ்சின் என்றால் படம் வரையும் கருவி என்றே பலரும் எண்ணுகிறார்கள். படம் வரைவது அதன் காரியங்களில் ஒன்றுதான். எறிந்த கல் எவ்வளவு தூரம் போய் விழும், எதிரி எந்தச் சந்து வழியாகச் சுற்றி வருவான், விட்ட இடத்திலிருந்து ஆட்டத்தைத் தொடர வேண்டுமானால் எவற்றையெல்லாம் சேமித்துவைக்க வேண்டும் என்பன போன்ற நூற்றுக்கணக்கான விதிகளும், அவற்றைக் கொண்டு கட்டங்களை அமைப்பவர்கள் நாள் முழுவதும் கையாளும் எடிட்டரும் அதற்குள்ளேயே அடக்கம். ஆகையால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, இரண்டாம் பாகத்தில் ஆட்டக்காரரின் கை புதிதாக என்ன செய்யப்போகிறது, அதைச் செய்யப் பழைய எஞ்சின் இடம் கொடுக்குமா என்பதே. கண் என்ன பார்க்கப்போகிறது என்பது அதற்கு அடுத்தபடி.

இந்தக் கேள்விக்குப் புதிய எஞ்சினே விடையாக அமைந்த உதாரணங்களில் ஹாஃப்-லைஃப் 2-ஐவிடத் தெளிவான ஒன்று எனக்குத் தெரியவில்லை. 1998-ல் வந்த முதல் பாகம், குவேக் எஞ்சினை வாங்கி வால்வ் ஸ்தாபனத்தார் திருத்தியமைத்த எஞ்சினில் ஓடியது. அதில் மேஜையும் பீப்பாயும் பெரும்பாலும் அலங்காரத்துக்கு நின்றனவே தவிர, அவற்றுக்கு எடை என்று ஒன்று இருக்கவில்லை. இரண்டாம் பாகத்தின் ஆரம்பப் பகுதியில், ஒரு பக்கம் உயர்ந்தும் மறுபக்கம் தாழ்ந்தும் ஏற்றப்பலகையைப் போலக் கிடக்கும் பலகையொன்று வருகிறது. அருகில் கான்கிரீட் கற்கள் சில கிடக்கும். அவற்றை ஒவ்வொன்றாக எடுத்துப் பலகையின் ஒரு முனையில் அடுக்கினால், பாரத்தால் அந்த முனை தாழ, மறுமுனை உயர்ந்து நிற்க, அதன் மேல் ஏறி அப்பால் தாண்டலாம். யாரும் சொல்லிக்கொடுக்காமல், உலகத்தில் கல்லுக்குள்ள கனம் இங்கேயும் உண்டு என்பதை ஆட்டக்காரர் தம் கையாலேயே தெரிந்துகொள்ளும் அந்த நிமிஷம், சோர்ஸ் என்ற புதிய எஞ்சினும் அதற்குள் சேர்த்த ஹேவாக் பௌதிகப் பகுதியும் இல்லாமல் சம்பவித்திருக்காது. பொருள்களைக் கவர்ந்திழுத்து வீசும் துப்பாக்கி பிற்பாடு கைக்கு வருவதும் அந்த அஸ்திவாரத்தின் மீதுதான். அதற்காக அவர்கள் கொடுத்த விலையும் சாமான்யமானதல்ல: 2003 செப்டம்பரில் வெளியிடுவதாக அறிவித்த தேதி தவறி, 2004 நவம்பரில்தான் விளையாட்டு வெளிவந்தது.

பழைய எஞ்சினிலேயே தங்குவதை மனச்சோம்பல் என்று இகழ்பவர்கள் மஜோராஸ் மாஸ்க் விளையாட்டை ஒருமுறை ஆடிப் பார்க்க வேண்டும். நின்டெண்டோவின் ஒக்கரினா ஆஃப் டைம் 1998-ல் வெளிவந்தது; அதன் எஞ்சினையும், அதில் வந்த மனிதர்களின் உருவங்களையும் பெருமளவு அப்படியே எடுத்துக்கொண்டு, ஏறத்தாழ ஓராண்டு உழைப்பில் உருவான மஜோராஸ் மாஸ்க் 2000-ல் வந்தது. மூன்று நாளில் சந்திரன் வந்து விழுந்து ஊர் அழியப்போகிறது. ஆட்டக்காரர் காலத்தைத் திருப்பித் திருப்பி அதே மூன்று நாட்களை வாழ வேண்டும். தபால்காரன் எந்த மணிக்குக் கடிதம் எடுக்க வருவான், விடுதி நடத்தும் பெண் எந்தப் பொழுதில் யாரை எதிர்பார்த்து நிற்பாள் என்று ஊரார் ஒவ்வொருவருக்கும் நேர அட்டவணை ஒன்று வகுத்திருந்தார்கள். சுவர் எழுப்பும் வேலையும் நடக்கக் கற்றுக்கொடுக்கும் வேலையும் முன்னமே முடிந்திருந்ததால்தான், அவர்களுடைய சிரத்தை முழுவதும் இந்த நுட்பமான காரியத்தில் செல்ல முடிந்தது. முந்தைய விளையாட்டுக்குத் தேவைப்படாத கூடுதல் நினைவகக் கருவியை மாத்திரம் வாங்கிச் செருகும்படி ஆட்டக்காரரைக் கேட்டுக்கொண்டார்கள்.

அதே தொடரில் 2017-ல் வந்த ப்ரெத் ஆஃப் தி வைல்டுக்கும் 2023-ல் வந்த டியர்ஸ் ஆஃப் தி கிங்டத்துக்கும் உள்ள உறவு இன்னும் ஆழமாக யோசிக்கத்தக்கது. தேசம் அதே தேசம். கருவியும் அதே ஸ்விட்ச் கருவி. ஆனால் மரத்துண்டையும் சக்கரத்தையும் விசிறியையும் ஒன்றோடொன்று ஒட்டி வண்டியோ படகோ ஆகாய விமானமோ செய்துகொள்ளும் சக்தி ஆட்டக்காரருக்குப் புதிதாக அளிக்கப்பட்டது. அதற்காக அசையும் பொருள் ஒவ்வொன்றையும் பௌதிக விதிக்குட்பட்டதாகத் திரும்பச் செய்தார்கள். ஆறு ஆண்டுகள் பிடித்தன. பழைய எஞ்சினில் தங்குவது என்றால் வேலை குறைவு என்று அர்த்தமில்லை. எங்கே உழைக்கிறோம் என்பது மாறுகிறது, அவ்வளவே.

தங்குவதில் தீமை இல்லையென்று சொல்ல வரவில்லை. 2008-ல் வந்த ஃபால்அவுட் 3-ன் எஞ்சினைக்கொண்டே, அப்சிடியன் ஸ்தாபனத்தார் சுமார் 18 மாதங்களில் ஃபால்அவுட்: நியூ வேகாஸை 2010-ல் தந்தார்கள். கிளைவிட்டுப் பிரியும் கதையும், கட்சிகளுக்கிடையே ஆட்டக்காரர் எடுக்கும் தீர்மானங்களின் விளைவும் அதில் அடைந்திருக்கும் உயரத்தை இன்றளவும் ரசிகர்கள் கொண்டாடுகிறார்கள். ஆனால் எஞ்சினோடு அதன் கடன்களும் கூடவே வந்தன. வெளியான சமயத்தில் பக் மலிந்திருந்தது. ஒரே வீதியாக ஜொலித்திருக்க வேண்டிய சூதாட்ட நகரம், பெரிய வாயில்களால் துண்டுதுண்டாகப் பிரிக்கப்பட்டு, வாயிலுக்கு வாயில் லோடிங் திரையின் முன் காத்திருக்கும்படி ஆயிற்று. அந்த எஞ்சினின் சங்கடத்துக்கு இன்னொரு அடையாளமும் உண்டு. ஃபால்அவுட் 3-ன் பிற்சேர்க்கை ஒன்றில் ஆட்டக்காரர் ரயிலில் பயணம் செய்யும் காட்சி வருகிறது. ஓடும் வண்டியை ஏற்படுத்தத் தோதில்லாத காரணத்தால், ரயில் பெட்டியின் உருவத்தை ஒரு கவசம் போல ஆட்டக்காரரின் பாத்திரத்துக்கே மாட்டி நகர்த்திவிட்டார்கள். ஒரு காட்சிக்கு இது சாமர்த்தியமான உபாயம்தான். ஆனால் இரண்டாம் பாகம் முழுவதும் வண்டிகளிலேயே நடக்கப்போகிறதென்றால், எஞ்சினை மாற்றும் வேளை வந்துவிட்டது என்பதற்கு இதைவிட வேறு அத்தாட்சி வேண்டியதில்லை.

மாறுவதென்று நிச்சயித்தபின், யாருடைய எஞ்சினுக்கு மாறுவது என்பது அடுத்த பிரச்சினை. இதில் பயோவேர் ஸ்தாபனத்தின் அனுபவம் மிகுந்த படிப்பினை உடையது. மாஸ் எஃபெக்டின் முதல் மூன்று பாகங்களும் 2007 முதல் 2012 வரை அன்ரியல் எஞ்சின் 3-ல் உருவானவை. அடுத்த பாகமான ஆண்ட்ரோமெடாவுக்கு, தாய் ஸ்தாபனமான எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸின் குடும்பத்திலேயே இருந்த ஃப்ராஸ்ட்பைட் எஞ்சினை எடுத்துக்கொண்டார்கள். ஸ்வீடனில் டைஸ் ஸ்தாபனத்தார் யுத்த விளையாட்டுக்கென்று அருமையாகச் செய்த எஞ்சின் அது. இடிந்து விழும் கட்டடமும் புழுதியும் அதில் பிரமாதமாக வரும். ஆனால் சம்பாஷணையும் மூட்டை முடிச்சும் தோழர் கூட்டமுமாக நடக்கும் கதை விளையாட்டுக்கு வேண்டிய அங்கங்கள் அதில் இருக்கவில்லை. 2014-ல் பயோவேர் செய்த டிராகன் ஏஜ்: இன்க்விசிஷனுக்காகவே அவற்றில் பலவற்றைப் புதிதாகக் கட்டவேண்டியிருந்தது. 2017 மார்ச்சில் ஆண்ட்ரோமெடா வெளியானபோது, கிரகங்களின் நிலக்காட்சிகள் முன்னெப்போதையும்விட அழகாக இருந்தன. பேசும் மனிதர்களின் முகங்களோ ஜீவனற்று இருந்தன. மனிதர்களோடு பேசுவதற்காகவே ஆடப்பட்டுவந்த ஒரு தொடரில் இந்தக் குறை எவ்வளவு ஆழமாகப் பாய்ந்திருக்கும் என்பதை நான் விவரிக்க வேண்டியதில்லை. எஞ்சினின் கீர்த்தியை விசாரிப்பதைவிட, அது எந்த ஜாதி விளையாட்டுக்காகப் பிறந்தது என்பதை விசாரிப்பது முக்கியம்.

சொந்த எஞ்சின் வைத்திருந்த பெரிய ஸ்தாபனங்களும் இப்போது அன்ரியல் எஞ்சின் 5-ஐ நாடுகின்றன. விட்சர் தொடரைச் செய்த போலந்து நாட்டுச் சிடி புராஜெக்ட் 2022-லும், ஹேலோ தொடரைச் செய்பவர்கள் 2024-லும் அவ்வாறு அறிவித்தார்கள். புதிதாக வேலைக்குச் சேருபவர்களுக்கு ஊரறிந்த எஞ்சின் முன்னமே பழக்கமாயிருக்கும் என்பது இதில் பெரிய சௌகரியம். செலவைப் பொறுத்தவரை, அன்ரியலில் வருமானம் 10 லட்சம் டாலரைத் தாண்டிய பிறகு பொதுவாக 5 சதவீதம் பங்கு கொடுக்க வேண்டும். 2023 செப்டம்பரில் யூனிட்டி என்ற மற்றோர் எஞ்சினின் ஸ்தாபனம், விளையாட்டு நிறுவப்படும் ஒவ்வொரு தடவைக்கும் கட்டணம் என்று அறிவித்துப் பெருங்கலக்கத்தை உண்டாக்கி, ஓராண்டு கழித்து அதை வாபஸ் பெற்றது. அந்நியர் எஞ்சினில் குடியிருப்பவர் ஒப்பந்தத்தை வக்கீலிடம் காட்டிவிட்டே கையெழுத்திட வேண்டும்.

எஞ்சின் பெயர் மாறாவிட்டாலும் உள்ளே ஏற்படும் மாறுதல் இதே அபாயத்தைக் கொண்டுவரக்கூடும். பின்லாந்தின் கலாசல் ஆர்டர் ஸ்தாபனம் 2015-ல் செய்த சிட்டீஸ்: ஸ்கைலைன்ஸும், 2023 அக்டோபரில் செய்த அதன் இரண்டாம் பாகமும் யூனிட்டியில் ஓடுபவையே. ஆனால் இரண்டாவதில் படம் வரையும் முறையும் கணக்குப் போடும் முறையும் புதியவை. விலையுயர்ந்த கிராபிக்ஸ் கார்டு வைத்திருந்தவர்களுக்கும் ஆட்டம் தடுமாறித் தடுமாறியே நகர்ந்தது. காரணத்தைத் தேடிப் பிரித்துப் பார்த்தவர்கள் கண்ட விசித்திரங்களில் ஒன்று, நகரவாசிகளின் வாய்க்குள் பல்வரிசை முழுவதும் தனித்தனியாகச் செதுக்கப்பட்டிருந்தது என்பது. ஆகாயத்திலிருந்து எறும்பளவாகப் பார்க்கப்படும் மனிதர்களுக்கு, தூரத்திலிருக்கும்போது காட்டவேண்டிய எளிய உருவத்தைத் தயாரித்து வைக்காததால், ஒருவரும் காணாத பற்களையெல்லாம் கணினி ஓயாமல் சுமந்துகொண்டிருந்தது. அதைவிட என் மனத்தை வருத்துவது வேறொன்று. முதல் பாகத்துக்கு ஆட்டக்காரர்கள் எட்டு ஆண்டுகளாகத் தாங்களே செய்து பகிர்ந்த மோடுகள், கட்டடங்கள், சாலைச் சந்திப்புகள் கணக்கற்றவை. இரண்டாம் பாகத்தில் அவை எதுவும் ஓடாது. புதியவற்றைச் செய்வதற்கான கருவிகளும் வெளியான நாளில் கிடைக்கவில்லை. எஞ்சினை மாற்றும்போது, சம்பளம் வாங்காமல் உழைத்த அந்தப் பெருங்கூட்டத்தின் உழைப்பும் இழப்புக் கணக்கில் சேர்க்கப்பட வேண்டும்.

கண்ணுக்குப் புலனாகாமல் கைநழுவிப் போகும் செல்வம் இன்னொரு வகை. ஸ்டாக்கர் முதல் விளையாட்டு 2007-ல் எக்ஸ்-ரே என்ற சொந்த எஞ்சினில் வந்தது. ஆட்டக்காரர் பார்க்காத இடத்திலும் மிருகங்களும் கொள்ளைக்காரர்களும் தத்தம் வாழ்க்கையை நடத்திக்கொண்டிருக்கும் ஏ-லைஃப் என்ற ஏற்பாடே அதன் பிராணன். யுத்தத்தின் நடுவே உக்ரைனியர்கள் மனவுறுதியோடு உழைத்து, 2024 நவம்பரில் அன்ரியல் 5-ல் வெளியிட்ட ஸ்டாக்கர் 2-ல் காடும் மழையும் மூச்சை நிறுத்தும்படி இருந்தன. ஏ-லைஃப் மாத்திரம் ஆரம்பத்தில் சரியாக இயங்காமல், மனிதர்கள் ஆட்டக்காரரின் முதுகுக்குப் பின்னாலேயே திடீரென்று முளைத்தார்கள். பிற்பாடு வந்த திருத்தங்களில் அதைப் படிப்படியாகச் சீர்ப்படுத்த வேண்டியிருந்தது.

முகம் மட்டுமே பழையதாகிவிட்டது, உள்ளிருக்கும் விதிகளெல்லாம் திடமாக இருக்கின்றன என்றால், இரண்டுக்கும் நடுவே ஒரு வழி உண்டு. 2021-ல் வந்த டியாப்லோ 2: ரிசரக்டெட், பழைய விளையாட்டின் விதிகளை அடியில் ஓடவிட்டு, மேலே புதிய சித்திரத்தைப் போர்த்தியது, ஒரு விசையைத் தட்டினால் பழைய தோற்றத்துக்கே திரும்பிப் பார்க்கலாம். 2025-ல் வந்த ஆப்லிவியன் மறுபதிப்பும், பழைய எஞ்சின் கணக்குப் போட, அன்ரியல் 5 படம் வரையும்படி அமைந்தது. மறுபதிப்புக்கு இது உத்தமமான முறை. புதிய இரண்டாம் பாகத்துக்கு இதை நான் தயக்கத்தோடுதான் சிபாரிசு செய்வேன். இரண்டு எஞ்சின்களையும் ஒருங்கே அறிந்தவர்கள் கைவசம் இருந்தாலொழிய, பிழை எதில் இருக்கிறதென்று தேடுவதிலேயே காலம் கழிந்துவிடும்.

புதிய எஞ்சினுக்குப் போகிறவர்கள் முதல் படைப்பைச் சிறியதாக வைத்துக்கொள்வது விவேகம். கேப்காம் அப்படித்தான் செய்தது. 2012-ல் தேசதேசாந்தரங்களில் நடந்த ரெசிடெண்ட் ஈவில் 6-க்குப் பிறகு, 2017-ல் ஆர்.இ. எஞ்சினில் வந்த ஏழாவது பாகம், பெரும்பகுதி ஒரு குடும்பத்தின் வீட்டையும் அதைச் சுற்றிய நிலத்தையும் தாண்டவில்லை. எதிரிகளின் வகைகளும் சொற்பம். அந்தச் சின்ன வட்டத்துக்குள் கருவிகளைப் பழகிக்கொண்ட பிறகு, 2019-ல் இரண்டாவது பாகத்தின் மறு ஆக்கமும், 2023-ல் நான்காவதின் மறு ஆக்கமும் விஸ்தாரமாக அமைந்தன.

ஆகவே, தீர்மானத்துக்கு முன்னால் ஒரு பரீட்சை செய்யுமாறு யோசனை சொல்வேன். முதல் பாகத்திலிருந்து மிகவும் சிக்கலான ஒரு காட்சியைப் பொறுக்கி எடுத்து, புதிய எஞ்சினில் மறுபடியும் கட்டிப் பார்க்க வேண்டும். அழகான காட்சியைப் பொறுக்கக் கூடாது. கூட்டமும் சண்டையும் சேமிப்பும் கலந்த காட்சியாக இருக்க வேண்டும். அதை ஓட்டிப் பார்ப்பவர் விலையுயர்ந்த இயந்திரத்தை விட்டுவிட்டு, சாதாரண ஆட்டக்காரரின் வீட்டிலிருக்கும் இயந்திரத்தில் ஓட்டட்டும். ஒரு கதவை நான்கடி தள்ளிவைத்துவிட்டு, அதன் பலனைத் திரையில் பார்க்கக் கட்டம் அமைப்பவருக்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும். அந்த நேரம் பழைய எஞ்சினில் ஆவதைவிட அதிகமாயிருந்தால், வெளிச்சம் எவ்வளவு மனோகரமாக விழுந்தாலும் விளையாட்டு மெருகேறுவது துர்லபம். ஏனெனில் நல்ல கட்டம் என்பது நூறு முறை மாற்றிப் பார்த்ததன் பலன்.

இந்தப் பரீட்சையைக் கட்டங்களின் வேலை தொடங்குமுன்பே முடித்துவிட வேண்டும். ட்யூக் நியூக்கம் ஃபாரெவர் 1997-ல் குவேக் 2 எஞ்சினில் உருவாவதாக அறிவிக்கப்பட்டு, 1998-ல் அன்ரியலுக்கு மாற்றப்பட்டு, அதன் பிறகும் பலமுறை திருத்தித் திருத்திக் கட்டப்பட்டு, 2011-ல் வேறொரு ஸ்தாபனத்தாரால் முடிக்கப்பட்டு வெளிவந்தபோது, அதற்காகக் காத்திருந்த ரசனை மாறிவிட்டிருந்தது. எந்த எஞ்சின் என்று ஒருமுறை முடிவானதும் அந்தத் தேதியை எழுதிவைத்து, அதற்குப் பின் சந்தைக்கு வரும் எஞ்சின் எத்தனை சிறந்ததாயினும், அதைப் பற்றிய யோசனையை மூன்றாம் பாகத்துக்கென்று ஒதுக்கிவிட்டு, கையிலிருப்பதை முடிக்க வேண்டும்.